சுஷிக் கடைக்காரர் மகன்

கார் பந்தயம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். வாலிப வயதில் சோழவரத்துக்கு இரண்டு மூன்று தடவை பஸ் பிடித்துப் போய், பழைய விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸைப் பார்த்திருக்கிறேன். ஓட்டியவர்கள் பெரும்பாலும் மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள், இல்லாவிட்டால் வண்டிக் கம்பெனிக்காரர்கள். வேலிக்கு இந்தப் பக்கம் வெயிலில் நின்று தூசியைத் தின்றவர்கள் எங்களைப் போன்றவர்கள். அந்த வேலியைத் தாண்டி ஒருவன் உள்ளே போவதற்கு என்ன வேண்டும் என்ற கேள்வி அப்போதே எனக்குள் விழுந்துவிட்டது. பிறகு முப்பது வருடத்துக்கு மேல் வண்டி உதிரி பாகத் தொழிலில் காலம் தள்ளினேன். பந்தயத்தைப் பார்க்கும் பழக்கம் மட்டும் டி.வி. வழியாகத் தொடர்ந்தது.

இன்று எழுதப்போவது கமுய் கோபயாஷி என்ற ஜப்பான்காரரைப் பற்றி. ஃபார்முலா ஒன் பார்ப்பவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். பார்க்காதவர்களும் படிக்கலாம். இதில் கார் கொஞ்சம்தான் வரும், காசுதான் நிறைய வரும்.

1986 செப்டம்பர் 13-ஆம் தேதி பிறந்தவர். ஊர் அமகாசாகி. ஒசாகாவுக்கும் கோபேக்கும் நடுவில் இருக்கும் தொழிற்சாலை நகரம். நம் அம்பத்தூர், திருவொற்றியூர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அங்கே ஒரு சுஷிக் கடை வைத்திருந்தார். பட்டினி கிடக்கும் குடும்பம் என்று சொல்ல முடியாது. ஆனால் மகனுக்கு ரேஸ் கார் வாங்கிக் கொடுக்கும் குடும்பமும் அல்ல. பெயரை ஜப்பானிய எழுத்தில் எழுதினால் மூன்று எழுத்து: முதலாவது 'முடியும்', இரண்டாவது 'கனவு', மூன்றாவது 'பெருமை'. பெற்றவர்கள் பெயர் வைக்கும்போதே கொஞ்சம் பெரிதாகத்தான் யோசித்திருக்கிறார்கள்.

ஒன்பது வயதில், 1996-இல், பையன் கார்ட் ஓட்ட ஆரம்பித்தான். கார்ட் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பலர் அதை மால்களில் பிள்ளைகள் ஓட்டும் பொம்மை வண்டி என்று நினைக்கிறார்கள். 1956-இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்ற ரேஸ் கார் கட்டுபவர், நான்கைந்து இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, புல் வெட்டும் இயந்திரத்தின் இன்ஜினைப் பின்னால் மாட்டி ஓட்டினார். அதுதான் முதல் கார்ட். இன்றைக்கும் அதன் அடிப்படை மாறவில்லை. ஸ்பிரிங் கிடையாது, ஷாக் அப்சார்பர் கிடையாது. டிஃபரென்ஷியலும் கிடையாது.

இந்தக் கடைசி விஷயம் முக்கியமானது. சாதாரணக் காரில் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகமாகவும் உள்பக்கச் சக்கரம் குறைவாகவும் சுற்றும். அதற்கு வழிசெய்வது டிஃபரென்ஷியல். கார்ட்டில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே தண்டில் இறுக்கிப் பூட்டப்பட்டவை, இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அப்படியே திருப்பினால் வண்டி நேராகப் போகத்தான் பார்க்கும். ஆகவே ஓட்டுபவன் பிரேக் போடும் விதத்திலும் ஸ்டீயரிங்கை ஒடிக்கும் விதத்திலும் உள்பக்கப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து ஒரு கணம் தூக்கிவிட வேண்டும். அந்தக் கணத்தில் வண்டி திரும்பிவிடும். ஒன்பது வயதுப் பையனுக்கு இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் புரியாது. முதுகிலும் இடுப்பிலும்தான் படிய வேண்டும். பின்னாளில் பெரிய கார்களில் வேறு யாரும் துணியாத இடத்தில், கடைசி நொடியில் பிரேக் மிதித்து உள்ளே நுழைந்து முந்திப்போகும் வித்தைக்காக இவர் பெயர் வாங்கினார். அது அமகாசாகி பக்கத்துக் கார்ட் தடங்களில் படிந்ததுதான் என்பது என் அபிப்பிராயம். கார்ட்டில் நேர்ப்பாதை சிறியது. முந்த வேண்டுமென்றால் வளைவில் பிரேக் போடும் இடத்தில்தான் முந்த வேண்டும்.

ஏழெட்டு வருடம் கார்ட் ஓட்டினார், பட்டங்களும் வாங்கினார். அதற்கு மேல் போக சுஷிக் கடை வருமானம் போதாது. இங்கேதான் ஜப்பானின் தனி வழி ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் பணக்கார அப்பா இருப்பார், இல்லாவிட்டால் சிகரெட் கம்பெனி, எண்ணெய்க் கம்பெனி என்று ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். ஜப்பானில் கார் கம்பெனியே அப்பா ஸ்தானத்தில் வந்து உட்கார்ந்தது. 1962-இல் ஹோண்டா தன் சொந்தச் செலவில் சுசுகாவில் பந்தயத் தடம் கட்டியது. அப்போது அந்தக் கம்பெனி பிரதானமாக மோட்டார் சைக்கிள் தயாரித்துக்கொண்டிருந்தது, கார் வியாபாரம் இனிமேல்தான். இரண்டே வருடத்தில், 1964-இல், ஃபார்முலா ஒன்னில் இறங்கி, 1965-இல் மெக்சிகோவில் ஒரு பந்தயத்தை ஜெயித்தும்விட்டார்கள். ஆனால் ஓட்டியவர் ரிச்சி கின்தர் என்ற அமெரிக்கர். கார் ஜப்பானுடையது, ஆள் வெளிநாட்டுக்காரர். இந்தக் குறை ரொம்ப காலம் நீடித்தது. முழு சீசனும் ஓட்டிய முதல் ஜப்பானியர் சதோரு நகஜிமா 1987-இல்தான் வந்தார். அப்போது அவருக்கு 34 வயது. மற்றவர்கள் ஓய்வு பற்றி யோசிக்கும் வயதில் அவர் ஆரம்பித்தார். அதுவும் ஹோண்டா இன்ஜின் போகிற அணியில், ஹோண்டாவின் தயவில். 1990-இல் அகுரி சுசுகி சுசுகாவிலேயே மூன்றாவதாக வந்து மேடை ஏறினார். ஊர் ஜனங்கள் ஆடித் தீர்த்துவிட்டார்கள்.

ஹோண்டா செய்ததைப் பார்த்து டொயோட்டாவும் பள்ளிக்கூடம் நடத்தி, திறமையுள்ள பையன்களைப் பொறுக்கி எடுத்து, செலவை ஏற்றுக்கொண்டு வளர்த்தது. கோபயாஷி அந்த வலையில் விழுந்த மீன். (சுஷிக் கடைக்காரர் மகனுக்கு இந்த உவமை பொருத்தம்தான்.) 2004-இல், 17 வயதில், டொயோட்டா அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. இத்தாலியில் ஃபார்முலா ரெனோ என்ற இளையோர் பந்தயம். அந்த வயதில் பாஷை தெரியாத ஊரில் தனியாக இருப்பது என்றால் சும்மா இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் காலேஜ் ஹாஸ்டலில் சாப்பாடு சரியில்லை என்று போன் போடுகிற வயது அது.

மறு வருடமே, 2005-இல், இத்தாலிய ஃபார்முலா ரெனோ பட்டத்தையும் ஐரோப்பியக் கோப்பையையும் சேர்த்து வாங்கிவிட்டார். அடுத்து 2006-இல் ஃபார்முலா த்ரீ ஐரோப்பியத் தொடர். அந்த அணியில் கூட ஓட்டியவர்கள் யார் தெரியுமா? செபாஸ்டியன் வெட்டல், பால் டி ரெஸ்டா. பின்னால் நான்கு முறை உலக சாம்பியன் ஆன வெட்டல்தான். கோபயாஷி எட்டாவது வந்தார். அடுத்த வருடம் நான்காவது, ஒரு வெற்றி. பிறகு ஃபார்முலா ஒன்னுக்குக் கீழ்ப்படியான ஜிபி2. அங்கே இரண்டு சீசனிலும் ஐரோப்பியத் தொடரில் பதினாறாவது இடம்தான். குளிர்காலத்தில் நடந்த ஆசியத் தொடரில் மட்டும் 2008-09-இல் சாம்பியன்.

இந்தப் பதினாறாவது இடத்தைக் கவனியுங்கள். கார்ட்டில் ராஜா, சின்ன ஃபார்முலாவில் ராஜா, மேலே ஏற ஏற சாதாரண ஆள். இந்தப் படியில் வழுக்கி விழுந்தவர்கள் பட்டியல் போட்டால் ஒரு புத்தகம் வரும். 2009 கோடையில் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், இவர் கதை முடிந்தது என்றுதான் சொல்லியிருப்பேன். டொயோட்டா ஃபார்முலா ஒன் அணியில் மூன்றாவது ஓட்டுநர் என்ற பதவி இருந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி அலங்காரப் பதவி.

அந்த அக்டோபரில் சுசுகாவில் டொயோட்டாவின் ஓட்டுநர் டிமோ க்ளாக்குக்கு வெள்ளிக்கிழமை உடம்பு சரியில்லை. பயிற்சியில் கோபயாஷியை உட்கார வைத்தார்கள். சனிக்கிழமை க்ளாக் திரும்பி வந்து, தகுதிச் சுற்றில் தடுப்பில் மோதி முதுகெலும்பில் அடிபட்டுக்கொண்டார். சரி, ஞாயிற்றுக்கிழமை நம் ஆளுக்குத்தான் என்று நினைப்பீர்கள். தகுதிச் சுற்றில் ஓட்டாதவர் பந்தயத்தில் ஓட்டக் கூடாது என்று விதி! சொந்த நாட்டுப் பந்தயத்தை ஓரமாக நின்று பார்த்தார்.

இரண்டு வாரம் கழித்து பிரேசில். அக்டோபர் 18, 2009. ஜென்சன் பட்டன் உலக சாம்பியன் ஆக வேண்டிய நாள். பின்னாலிருந்து ஒவ்வொருவராக முந்திக்கொண்டு வந்தவர், ஒரு வெள்ளை சிவப்பு டொயோட்டாவுக்குப் பின்னால் வந்து மாட்டிக்கொண்டார். முதல் பந்தயம் ஓட்டும் பையன் ஓரமாக ஒதுங்கி வழி விடுவான் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். விடவில்லை. பட்டன் உள்ளே மூக்கை நுழைத்து முந்தினால், அடுத்த வளைவிலேயே பையன் திரும்ப முந்துகிறான். எத்தனையோ சுற்று இந்தக் கூத்து நடந்தது. எங்கள் வீட்டில் தூங்கப் போனவர்களை எழுப்பிவிடும் அளவுக்கு நான் சத்தம் போட்டேன். பிரேக் போடுவதற்குள் பாதையை மாற்றி மாற்றி மறிக்கிறான் என்று பட்டன் தரப்பில் புகைச்சல். நியாயமும் இருந்தது, கொஞ்சம் முரட்டுத்தனமான ஓட்டம்தான். அதே பந்தயத்தில் சதோரு நகஜிமாவின் மகன் கசுகி நகஜிமாவின் கார் இவர் காரில் பட்டுச் சிதறி வெளியேறியது. கடைசியில் கோபயாஷிக்கு ஒன்பதாவது இடம். அன்றைய கணக்கில் எட்டுப் பேருக்குத்தான் புள்ளி.

நவம்பர் 1, அபுதாபி. அந்தத் தடத்தில் முதன்முதலாக நடந்த பந்தயம். இவருக்கு இரண்டாவது பந்தயம். பன்னிரண்டாவதாகக் கிளம்பி, ஒரே ஒரு தடவை மட்டும் நின்று எரிபொருள் போட்டுக்கொண்டு, ஆறாவதாக வந்தார். நடுவில் புது உலக சாம்பியன் பட்டனை முந்தினார், அனுபவசாலியான சக ஓட்டுநர் யார்னோ ட்ரூலியைப் பின்னால் விட்டார். மூன்று புள்ளி. அடுத்த வருடம் டொயோட்டாவில் நிரந்தர இடம் நிச்சயம் என்று எல்லாரும் பேசினார்கள்.

மூன்றே நாள். நவம்பர் 4, புதன்கிழமை. டோக்கியோவில் பத்திரிகையாளர் கூட்டம். டொயோட்டா ஃபார்முலா ஒன்னிலிருந்து உடனடியாக விலகுகிறது என்று தலைவர் அகியோ டொயோடா அறிவித்தார். எட்டு சீசன், கணக்கில்லாத பணம், ஒரு வெற்றி கூட இல்லை. அதோடு 2008-இன் உலகப் பொருளாதாரச் சரிவில் கம்பெனியே நஷ்டத்தில் இருந்தது. அணியின் தலைவர் தடாஷி யமாஷினா மேடையிலேயே அழுதுவிட்டார். ஜப்பானிய அதிகாரி ஒருவர் கேமரா முன்னால் அழுவது சாதாரணம் அல்ல.

இதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். கார் விற்காமல் தொழிற்சாலையில் ஷிஃப்ட் குறைக்கிற நேரத்தில் ரேஸுக்குப் பணம் கொட்ட முடியாது. நான் வேலை பார்த்த இடத்திலும் நான்கு வருடம் ராப்பகலாக உழைத்த ஒரு புராஜெக்டை இரண்டு வரி சர்க்குலரில் மூடினார்கள். பேப்பரில் பார்த்தால் காரணம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அன்று மத்தியானம் கேன்டீனில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கம்பெனி வளர்த்த பிள்ளைக்குக் கம்பெனி போனால் என்ன மிச்சம்? கோபயாஷிக்கு அப்போது 23 வயது. கையில் ஸ்பான்சர் இல்லை, வேறு படிப்பு, தொழில் இல்லை. இடம் கிடைக்காவிட்டால் ஊருக்குப் போய் அப்பா கடையில் சுஷி செய்யப் போகிறேன் என்று அவர் சொன்னதாக அப்போது பத்திரிகைகள் எழுதின. விளையாட்டாகச் சொன்னதா, நிஜமாகச் சொன்னதா என்று கேட்டால், எனக்குப் பாதி நிஜம் என்றுதான் படுகிறது.

காப்பாற்றியது அந்த இரண்டு பந்தயம்தான். அந்த வருடமே பி.எம்.டபிள்யூவும் விலகியிருந்தது. அவர்களிடம் விற்ற தன் அணியைப் பீட்டர் சாபர் என்ற சுவிஸ் கிழவர் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார். அவர் கையிலும் பணம் இல்லை. வழக்கமாக இப்படிப்பட்ட அணிகள், காசு கொண்டுவரும் ஓட்டுநரைத்தான் எடுக்கும். சாபர் டிசம்பரில் காசில்லாத கோபயாஷியை எடுத்தார். 2010-இல் அந்தக் கார் வந்து நின்றபோது விளம்பரமே இல்லாமல் வெள்ளை வேட்டி மாதிரி இருந்தது.

முதல் நான்கு பந்தயத்திலும் கார் கோளாறு, மோதல் என்று ஒன்றையும் முடிக்கவில்லை. ஜூனில் வலென்சியாவில் நிலைமை மாறியது. பதினெட்டாவது இடத்திலிருந்து கிளம்பியவர். நடுவில் ஒரு விபத்தில் எல்லாரும் டயர் மாற்ற உள்ளே போக, இவர் மட்டும் போகாமல் அதே டயரில் ஓட்டிக்கொண்டே மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டார். முடிய நான்கு சுற்று இருக்கும்போதுதான் புது டயர் போட்டார். அந்தப் புது டயரை வைத்துக்கொண்டு ஃபெர்ராரியில் வந்த அலோன்சோவை முந்தி, கடைசி வளைவில் புவேமியையும் முந்தி ஏழாவதாக முடித்தார். அக்டோபரில் சுசுகாவில் இன்னும் வேடிக்கை. பதினான்காவதாகக் கிளம்பி, அங்கே ஹேர்பின் என்று சொல்லும் கொண்டை ஊசி வளைவில் ஒவ்வொருவராக முந்தினார். அது முந்துகிற இடமே இல்லை என்று அதுவரை சொல்லிவந்தார்கள். அல்குவர்சுவாரியை முந்தும்போது காரின் பக்கவாட்டுத் தகடு பெயர்ந்துபோனது. அப்படியே ஓட்டி ஏழாவது. வளைவுக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு டிக்கெட் காசு அன்றைக்கு முழுசாக வசூலானது.

2011-இல் மொனாக்கோவில் ஐந்தாவது. 2012-இல் கார் நன்றாக அமைந்தது. பெல்ஜியத்தில் இரண்டாவது இடத்தில் நின்று கிளம்பினார். முதல் வளைவிலேயே பின்னாலிருந்து வந்த களேபரத்தில் கார் நொறுங்கியது. அந்த வருடம் முழுக்கக் கை வரை வந்து வாய்க்கு எட்டாத கதைதான். இதற்குள் அடுத்த வருட இடம் ஆட்டம் காண ஆரம்பித்துவிட்டது.

அக்டோபர் 7, 2012. சுசுகா. நமக்குக் காலை பதினொன்றரைக்கு ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமை சமையல் வாசனையோடு பார்த்த பந்தயம். மூன்றாவதாகக் கிளம்பிய கோபயாஷி முதல் வளைவிலேயே வெப்பரைத் தாண்டி இரண்டாவது ஆனார். டயர் மாற்றும்போது மாஸா முந்திவிட்டார். முன்னால் வெட்டல், பழைய சகா, எட்ட முடியாத தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் பட்டன். அதே பட்டன், மூன்று வருடத்துக்கு முன்னால் பிரேசிலில் இவர் மறித்த அதே ஆள். கடைசிச் சுற்றுகளில் நெருங்கி நெருங்கி வந்து, முதுகில் மூச்சு படும் தூரத்துக்கு வந்துவிட்டார். இந்த முறை முரட்டுத்தனம் ஒன்றும் இல்லை. கோடு பிசகாமல், பிரேக் ஒரு இடம் தவறாமல் ஓட்டினார். கோட்டைத் தாண்டியபோது இருவருக்கும் நடுவில் சுமார் அரை நொடி. மூன்றாவது இடம்.

கூட்டம் முழுக்க எழுந்து நின்று "கமுய்! கமுய்!" என்று ஒரே குரலில் கத்தியது. எங்கள் டி.வி. பெட்டியே அதிர்ந்தது. சொந்த மண்ணில் ஒரு ஜப்பானியர் மேடை ஏறி 22 வருடம் ஆகியிருந்தது, 1990-இன் அகுரி சுசுகிக்கு அப்புறம். இடையில் 2004-இல் தகுமா சாதோ அமெரிக்காவில் ஏறியதைச் சேர்த்தால், ஃபார்முலா ஒன் மேடை ஏறிய மூன்றாவது ஜப்பானியர் இவர்தான். அந்தப் பந்தயத்தில் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் ஓட்டினார். ஹெச்.ஆர்.டி. என்ற பரம ஏழை அணியின் கார், பந்தயத்தை முடிக்கவில்லை.

ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. நவம்பர் கடைசிக்குள் சாபர் அணி அடுத்த வருட ஓட்டுநர்களை அறிவித்துவிட்டது. ஹுல்கென்பெர்க், குட்டியெரெஸ். இரண்டாமவர் மெக்சிகோக்காரர், அணிக்குப் பணம் கொடுப்பதும் மெக்சிகோ கம்பெனி. கோபயாஷி அந்த சீசனில் எடுத்த புள்ளி 60. குட்டியெரெஸ் அதுவரை ஒரு ஃபார்முலா ஒன் பந்தயமும் ஓட்டியதில்லை. முதலில் ஒருவன் காசில்லை என்று தெரிந்தே எடுத்தவர்கள், பிறகு காசில்லை என்றே விட்டார்கள். அணிக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி. கோபயாஷி இணையத்தில் நன்கொடைப் பக்கம் ஒன்றைத் திறந்தார். ஃபார்முலா ஒன்னில் ஓட்டக் காசு வேண்டும், என்னிடம் இல்லை, முடிந்தவர்கள் கொடுங்கள் என்று. இதற்கு முன் இந்த மட்டத்தில் யாரும் இப்படிக் கை நீட்டியதாக எனக்கு நினைவில்லை. ஜப்பானியர்களுக்குக் கேட்பது என்பது பெரிய கூச்சம். ஆனாலும் ஜனங்கள் கொடுத்தார்கள். சில வாரங்களில் கோடிக்கணக்கான யென் சேர்ந்தது. ஆபீஸ் போகிறவர்கள், மாணவர்கள், சுசுகாவில் பெயரைச் சொல்லிக் கத்தினவர்கள் எல்லாம் போட்ட பணம். கோயில் திருப்பணிக்கு நம் ஊரில் நோட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருவார்களே, அந்த மாதிரி. ஆனால் ஃபார்முலா ஒன்னில் அது போதவில்லை. 2013-க்குப் போட்டிபோடக்கூடிய அணி எதிலும் இடம் கிடைக்கவில்லை. வசூலை நிறுத்திவிட்டு, பணத்தை அடுத்த வருடத்துக்கு எடுத்துவைத்தார்.

2013-இல் ஃபெர்ராரிக்காக, கூரையுள்ள கார்களில் நீண்ட தூரப் பந்தயங்கள் ஓட்டினார். 2014-இல் கேட்டர்ஹாம் என்ற கடைசி வரிசை அணியில் சம்பளம் இல்லாமல் சேர்ந்தார். ரசிகர்கள் கொடுத்த பணமும் அங்கேதான் போனது. அந்த அணி வருட முடிவில் திவாலாகி, இரண்டு பந்தயத்துக்கு வரமுடியாமல், கடைசிப் பந்தயத்துக்கு மட்டும் ஊரார் நன்கொடையில் வந்து சேர்ந்தது. அதோடு கோபயாஷியின் ஃபார்முலா ஒன் கணக்கு முடிந்தது. மொத்தம் 125 புள்ளி, ஒரே ஒரு மேடை.

பிறகு ஜப்பானுக்குத் திரும்பி சூப்பர் ஃபார்முலா தொடரில் ஓட்டினார். 2016-இல் டீம் லீமான்ஸ் அணியில் இவருக்குச் சக ஓட்டுநர் நம் நரேன் கார்த்திகேயன். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். இரண்டு பேருமே ஃபார்முலா ஒன்னுக்குள் போனவர்கள், கதவு சாத்தப்பட்டதைப் பார்த்தவர்கள்.

அதே 2016-இல் டொயோட்டா அவரை மறுபடி கூப்பிட்டது. இந்த முறை லீமான்ஸ். பிரான்சில் 24 மணி நேரம் இடைவிடாமல் ஓடும் பந்தயம், ஒரு காருக்கு மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். 2017 தகுதிச் சுற்றில் பதின்மூன்றரை கிலோமீட்டர் சொச்சம் உள்ள அந்தத் தடத்தை 3 நிமிடம் 14.791 நொடியில் சுற்றினார். சராசரி வேகம் மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல். பந்தயத்திலும் இவர் கார்தான் முன்னணி. நடுராத்திரி டயர், எரிபொருளுக்கு நின்றுவிட்டுக் கிளம்பும்போது வாசலில் சிவப்பு விளக்கு. ஆரஞ்சு நிற உடையில் ஒருவர் வந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். தட அதிகாரி என்று நினைத்து இவர் வண்டியை எடுத்தார். அவர் அதிகாரி இல்லை, வேறு அணி ஓட்டுநர் ஒருவர், உற்சாகப்படுத்துவதற்காக விரலைக் காட்டியிருக்கிறார்! நில், போ, நில் என்று குழப்பம். இந்தக் கார் வழக்கமாக மின் மோட்டாரில்தான் நகர ஆரம்பிக்கும், அன்று கிளட்சைப் போட்டு மறுபடி மறுபடி கிளப்ப வேண்டிவந்தது. கிளட்ச் கருகியது. கொஞ்ச நேரத்தில் கார் வெளியேறியது. ஒரு கட்டை விரலால் லீமான்ஸ் போனது.

2018-இல் இரண்டாவது. 2019-இல் கடைசி ஒரு மணி நேரம் வரை முன்னணி, டயர் உணரி ஒன்று தவறான சக்கரத்தைக் காட்டியதால் அதுவும் போய் மறுபடி இரண்டாவது. 2020-இல் மூன்றாவது. மூன்று வருடமும் ஜெயித்தது டொயோட்டாவின் இன்னொரு கார். அதை ஓட்டிய மூவரில் ஒருவர் கசுகி நகஜிமா. பிரேசிலில் மோதிக்கொண்டார்களே, அவர்தான். இதற்கிடையில் அமெரிக்காவில் டேட்டோனா 24 மணிப் பந்தயத்தை 2019-லும் 2020-லும் ஜெயித்தார். 2019-20 சீசனில் உலக எண்ட்யூரன்ஸ் சாம்பியன் பட்டமும் வந்தது. லீமான்ஸ் மட்டும் கையில் சிக்கவில்லை.

2021 ஆகஸ்டில் சிக்கியது. மைக் கான்வே, ஹோசே மரியா லோபஸ், கோபயாஷி, ஏழாம் எண் கார், 371 சுற்று. அப்போது அவருக்கு 34 வயது. சதோரு நகஜிமா ஃபார்முலா ஒன்னில் ஆரம்பித்த அதே வயது.

அந்த டிசம்பரில் டொயோட்டா, தன் எண்ட்யூரன்ஸ் அணிக்கே கோபயாஷியைத் தலைவராக நியமித்தது. 2009-இல் யமாஷினா உட்கார்ந்து அழுத நாற்காலியின் வகையறா. நியமித்த காலத்தில் கம்பெனித் தலைவர் அதே அகியோ டொயோடாதான். ஆனால் கார் ஓட்டுவதை நிறுத்தவில்லை. 2022-லிருந்து தலைவரும் அவரே, ஏழாம் எண் காரின் ஓட்டுநரும் அவரே. சுற்று மெதுவாகப் போனால் ரேடியோவில் தன்னைத் தானே திட்டிக்கொள்ள வேண்டியதுதான்.